மரணங்களை எண்ணிய கிராமங்கள்

கட்சிரோலி காடுகளில் ஒரு சுகாதாரத் திட்டம் முதலில் கணக்கெடுத்தது. ஊசியும் மருந்தும் பிறகுதான் வந்தன.

நாக்பூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 170 கி.மீ. வைன்கங்கை ஆற்றைத் தாண்டியதும் வயல்கள் குறைந்து காடு நெருங்குகிறது. தேக்கு, மூங்கில், இலுப்பை, பீடி இலை. 1982இல் சந்திரபூரிலிருந்து பிரிக்கப்பட்ட கட்சிரோலி மாவட்டத்தில் முக்கால் பங்கு காடுதான். மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடி இது. வெளியுலகில் இதன் பெயர் பல ஆண்டுகள் நக்சலைட் செய்திகளில்தான் அடிபட்டது. பொது சுகாதாரத் துறையினருக்கு மட்டும் இந்த ஊர் வேறொரு காரணத்துக்காகப் பழக்கம்.

மாவட்டத் தலைநகரிலிருந்து தானோரா செல்லும் சாலையில் இருக்கிறது ஷோத்கிராம். 'தேடல் கிராமம்' என்று பொருள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது தந்தேஸ்வரி அம்மன் கோயில். மருத்துவமனைக்கும் அவள் பெயர்தான். வார்டுகள் இல்லை, குடிசைகள் இருக்கின்றன. நோயாளியோடு குடும்பமும் தங்கலாம். இந்த ஏற்பாடு கோண்டு பழங்குடியினர் கேட்டு வந்தது. பெரிய கான்கிரீட் கட்டடங்கள் பயமுறுத்துகின்றன, உறவினரை உள்ளே விடுவதில்லை, பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியை டாக்டரும் நர்சும் உடுத்தியிருக்கிறார்கள், அங்கே போனால் எப்படிப் பிழைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமாகப் பட்டது. மருத்துவமனை குடிசைகளாக எழுந்தது.

இதைக் கட்டியவர்கள் டாக்டர்கள் அபய் பாங், ராணி பாங் தம்பதி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படித்துவிட்டு 1986இல் கட்சிரோலிக்கு வந்து 'சர்ச்' அமைப்பின் பணியைத் தொடங்கினார்கள். முதல் அடியே சறுக்கியது. பழங்குடியினரிடம் பரம்பரையாக வரும் 'சிக்கிள் செல்' ரத்த நோயைக் கணக்கெடுத்தார்கள். ஆய்வு வெற்றி. ஆனால் ஊர் மக்களுக்கு அதில் அக்கறையே இல்லை. குணப்படுத்த முடியாத நோயை எண்ணி என்ன பயன்? ஆய்வு யாருக்காக என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை பெண்களிடம் கேட்டார்கள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களை ராணி பாங் குழுவினர் பரிசோதித்தனர். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. 1989இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானபோது, கிராமத்துப் பெண்ணின் ஆரோக்கியம் என்றால் கர்ப்பமும் குடும்பக் கட்டுப்பாடும்தான் என்று திட்டம் போட்டுக் கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிறகு வந்தது ஒரு மழைக்கால இரவு. பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பெண்கள் ஒரு பச்சிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கே வந்தார்கள். பரிசோதித்துக் கொண்டிருக்கும்போதே குழந்தை இறந்தது. இடையில் இருந்த ஆற்றில் வெள்ளம். முன்பே வர முடியவில்லை. வறுமை, தாயின் சத்துக்குறைவு, சாலையின்மை என்று அபய் பாங் பின்னோக்கிக் காரணங்களை எண்ணினார். பதினெட்டு தேறியது. பதினெட்டையும் சரிசெய்யும் வரை குழந்தைகள் காத்திருக்க முடியாது. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் போதாதா என்பதுதான் திட்டத்தின் விதை.

நிமோனியாவில் அதை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார்கள். நிமோனியா கண்ட குழந்தைக்கு மூச்சு வேகமாக இரைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சி நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது மூச்சுகளை எப்படி எண்ணுவாள்? மணிச்சட்டம் போல ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் கடிகாரம் தீர்வதற்குள் சிவப்பு மணி நகர்ந்தால் அது நிமோனியா.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் இன்னும் நிதானம் தேவைப்பட்டது. 39 கிராமங்களில் திட்டம். 47 கிராமங்கள் ஒப்பிட்டுப் பார்க்க. 1993 முதல் இரண்டு தொகுதிகளிலும் பிறப்பையும் இறப்பையும் பதிந்தார்கள். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரின் பதிவை அப்படியே நம்பிவிடவில்லை. வேறொரு குழு வீடு வீடாகப் போய் மறுபடி கணக்கெடுத்தது. 1995-96இல் ஓராண்டு முழுக்க, வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தார்கள். 763 குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. கிடைத்தது 2.6 சதவீதத்துக்கு.

அதன் பிறகே சிகிச்சை. ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்கள் 'ஆரோக்ய தூதர்'களாகப் பயிற்சி பெற்றார்கள். எடை பார்த்தார்கள். குழந்தையைக் குளிர் தாக்காமல் பொதிந்து வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கிருமித்தொற்று என்று தெரிந்தால் பெற்றோர் சம்மதத்தோடு ஜென்டாமைசின் ஊசியும் போட்டார்கள். பள்ளிப் படிப்பைத் தாண்டாத கிராமத்துப் பெண் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுவதா? இதற்குக் கணக்குதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னது. ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, திட்டத்தின் மூன்றாம் ஆண்டில் 25.5 ஆகச் சரிந்தது. கிருமித்தொற்று கண்ட குழந்தைகளில் 16.6 சதவீதம் இறந்த நிலை மாறி 2.8 சதவீதம் ஆனது. ஒப்பீட்டுக் கிராமங்களிலோ இறப்பு விகிதம் 60ஐ ஒட்டியே நின்றது. அந்த 47 கிராமங்கள் மட்டும் கணக்கில் இல்லாவிட்டால், நல்ல மழையும் புதுச் சாலையும்தான் காரணம் என்று யாரும் வாதாடியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு விலையும் உண்டு. பக்கத்து ஊரில் பிழைத்த குழந்தை இந்த ஊரில் பிழைக்கவில்லை. எந்தக் கள ஆய்வும் இந்த உறுத்தலிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. முடிவு கையில் கிடைத்ததும் எல்லா ஊருக்கும் அதைக் கொண்டுபோவது ஒன்றே பரிகாரம்.

அதற்குத் தாமதமானது. முடிவுகள் 1999 டிசம்பரில் லான்செட்டில் வெளிவந்தன. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பச்சிளங்குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்படி நாடுகளுக்குப் பரிந்துரைத்தது 2009இல். மத்திய அரசு 'ஆஷா' பணியாளர்கள் மூலம் நாடு முழுவதும் இதைத் தொடங்கியது 2011இல். மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 42 நாளில் ஆறு முறை, வீட்டில் பிறந்ததற்கு ஏழு முறை வருகை என்று விதி.

காட்டிலிருந்து டெல்லிக்குப் போனபோது திட்டத்தில் ஒன்று மாறியது. 2011 விதிப்படி ஆஷாவுக்கு ஒரு குழந்தைக்கு 250 ரூபாய். எடை பதிவாகியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், 42ஆம் நாள் தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை இறந்துபோனால் அதுவரை அவர் நடந்த நடைக்குக் காசு இல்லை. இறப்பை எண்ணுவதில் தொடங்கிய ஒரு திட்டம், இறப்பைச் சொன்னால் நஷ்டம் என்று ஆன இடம் இது. படிவம் நிரம்பியதா என்று பார்ப்பது மேற்பார்வை. வேறொருவர் அதே வீட்டுக்குப் போய் மறுபடி கேட்பதுதான் மதிப்பீடு. கட்சிரோலி இந்த இரண்டாவதைச் செய்தது.

பிறந்த சில மணி நேரத்தில் போய்விடும் குழந்தைக்குப் பெரும்பாலும் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். அது வந்து போனதற்கு மிஞ்சும் அடையாளம் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. கட்சிரோலியில் அடுத்த குழந்தை பிழைப்பதற்கு வழி அந்த வரியிலிருந்துதான் கிடைத்தது.