கார்த்திகையில் நெடுந்தீவு

ரொறொன்ரோவில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி ஒவ்வொரு நவம்பரிலும் கிரேக்கத்துச் சின்னத் தீவொன்றுக்குப் போய்வருவாள். ஒக்டோபரோடு அங்கே விடுதிகள் பூட்டிவிடும், கப்பல்கள் குறைந்துவிடும். "அதுக்குப் பிறகுதான் ஊர்ச்சனம் கண்ணில் படும்" என்பாள். நான் ஊருக்குப் போனதெல்லாம் ஓகஸ்டில்தான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா, யாராவது ஒருவரின் கலியாணம்.

இம்முறை நவம்பரில் தனியே போனேன். நான் வளர்ந்த கொழும்பு வெள்ளவத்தையின் புடைவைக் கடைகளில் ஓகஸ்டில் கனடாவும் லண்டனும் பாரிசும் முட்டி மோதும். இப்போது கடைக்காரர் கதிரை இழுத்துப் போட்டு, அம்மாவின் சுகம் விசாரித்தார். அன்றிரவே காலி வீதியில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு; அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் வந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டது இந்தக் கடலில்தான். அதை நினைக்காமல் எங்கள் ஆட்கள் இதைக் கடப்பதில்லை.

"ஏன் ராசா, இந்த மழைக்குள்ள வந்தனீ?" என்றார் பெரியம்மா. தாழ்வாரத்தின் கீழே வாளிகளும் அண்டாவும் வரிசையாக இருந்தன. நான் ஒன்றை முன்னுக்குத் தள்ளப் போக, "பொறு, முதல் தண்ணி போகட்டும். கூரைத் தூசி" என்று தடுத்தார். குடிதண்ணீர் அருமையான தீவு அது. தண்ணீர் தெளிந்த பிறகுதான் அண்டாவை நகர்த்தினார்.

மறுநாள் தீவின் புல்வெளிப் பக்கம் போனேன். போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் குதிரைகளின் வழிவந்தவை அங்கே மேய்கின்றன. ஓகஸ்டில் நான் படமெடுத்த குதிரைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. கோடை வறட்சியில் தண்ணீரில்லாமல் அவை செத்துப்போவதும் உண்டு. இப்போது குளம் நிறைந்திருந்தது. சீமெந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகளின் ஓரமெல்லாம் புல். ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நின்று மழையில் நனைந்தது.

நான் சீசன் இல்லாத காலம் என்று நினைத்து வந்தது தீவின் நல்ல காலம். இத்தனை வருடமும் அதன் வறட்சியைத்தான் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நல்ல காலத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. இரண்டு நாள் படகு ஓடவில்லை. கடைகளில் மரக்கறி முடிந்தது. தீவில் ஆஸ்பத்திரி உண்டு; வருத்தம் கடுமையென்றால் கடல் தாண்டித்தான் ஆகவேண்டும். இரவில் காற்று ஊளையிட, பெரியம்மாவின் பிறசர் குளிசை இன்னும் எத்தனை நாளுக்குக் காணும் என்று எண்ணிப் பார்த்தேன். ஓகஸ்டில் ஒருநாளும் எனக்கு அந்த எண்ணம் வந்ததில்லை.

ஓகஸ்ட் ரிக்கற்றுக்குக் காசு சேர்க்கும் உறவுகளே, ஒருமுறை கார்த்திகையில் போங்கள். பெரியவர்களுக்கு ஒரு மாத மருந்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முன்னால் மூன்று நாள் மிச்சம் வையுங்கள். அந்தக் கடல் நினைத்தபோது விடாது.