பிறையும் மழையும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஊழியம் செய்கிற எவரும் இரண்டு கேள்விகளுக்குத் தப்ப முடியாது. "மழை எப்போது வரும்?" என்பது ஒன்று. "ஏன் வரவில்லை?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நம் மக்கள் நிலவைப் பார்த்து விடை தேடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கோ, அடுத்த வீட்டு மனிதரைப் பார்த்து விடை சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டாவது பழக்கத்தைக் குறித்தே இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறேன். அதற்கு முதலாவதைப் பற்றியும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம்முடையது வானம் பார்த்த பூமி. ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவ மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்கிறது. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. புரட்டாசிப் பட்டத்தில் பருத்தியோ, சோளமோ, கம்போ, உளுந்தோ போடுகிற மானாவாரி விவசாயி, மழை வரும் என்ற நம்பிக்கையில் காய்ந்த கரிசலில் விதையைத் தூவுகிறார். அந்த விதை பெரும்பாலும் கடனில் வாங்கியது. அப்படிப்பட்டவர் வானத்தில் ஓர் அடையாளம் தேடுவதை நகைக்க நமக்கு உரிமை இல்லை.

அவர் தேடும் அடையாளங்கள் சில. நிலவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை. "அகல்வட்டம் பகல்மழை" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூன்றாம் பிறையின் வடமுனை உயர்ந்திருக்கிறதா, தென்முனை உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. அமாவாசையை ஒட்டி வானிலை மாறும் என்பது வேறொன்று. வளர்பிறையில் விதைத்தால் விளையும், தேய்பிறையில் விதைத்தால் வீண் என்பது எல்லாவற்றிலும் உறுதியாகப் பற்றிக்கொள்ளப்படுவது.

இவற்றில் வட்டத்துக்குப் பொருள் உண்டு. தரைக்குப் பல ஆயிரம் மீட்டர் உயரத்தில் பனித்துகள்களால் ஆன மெல்லிய மேகம் படரும்போது, நிலவொளி அத்துகள்களில் புகுந்து வளைந்து, 22 பாகை ஆரமுள்ள வட்டமாகத் தெரிகிறது. கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை உள்ள அகலம் ஏறத்தாழ அவ்வளவே. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகும்போது இத்தகைய மேகம் மழைக்கு முன்னோடியாக வருவதுண்டு. ஆகையால் பாட்டியின் வாக்கு சில நாள் பலிக்கிறது, சில நாள் பலிப்பதில்லை. அங்கே சேதி சொல்வது மேகம். நிலா அதைக் காட்டும் விளக்கு மட்டுமே.

பிறையின் சாய்வுக்கும் ஒரு நியாயம் உண்டு. பிறையின் ஒளிர்ந்த பக்கம் எப்போதும் மறைந்துபோன சூரியனை நோக்கியே இருக்கும். நிலவு செல்லும் பாதை மாலை வானத்தில் மாதத்துக்கு மாதம் சாய்வை மாற்றிக்கொள்கிறது. அதனால் பங்குனி மாலைப் பிறை படகுபோல் மல்லாந்து, தென்முனை சற்று உயர்ந்து நிற்கும். புரட்டாசி, ஐப்பசியில் வடமுனை நன்றாக உயர்ந்து நிற்கும். வடமுனை உயர்ந்ததைக் கண்டு மழையை எதிர்பார்க்கிற பெரியவர், உண்மையில் பருவம் வந்துவிட்டதைக் கண்டுகொள்கிறார். ஆனால் இவ்வாண்டு மழை மிகுமா, பொய்க்குமா என்பதைப் பிறை சொல்லாது. 1876இல் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியபோதும் புரட்டாசிப் பிறை ஏறக்குறைய இதே சாய்வில்தான் நின்றிருக்கும்.

நிலவு மழையை உண்டாக்குமா என்று விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள். 1962இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, அமெரிக்க மழைப் பதிவுகளில் பெருமழை நாட்களுக்கும் நிலவின் சுற்றுக்கும் ஒரு தொடர்பு தென்படுவதாகச் சொன்னது. 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயாமா, வாலஸ் என்ற இருவர், செயற்கைக்கோள் திரட்டிய 15 ஆண்டு மழைக் கணக்கை ஆராய்ந்தார்கள். நிலவு தலைக்கு மேல் நிற்கும்போது அதன் ஈர்ப்பால் காற்றழுத்தம் சற்று உயர்கிறது. காற்று இம்மியளவு வெப்பமடைந்து அதன் ஈரப்பத விகிதம் குறைகிறது. மழையும் சிறிது குறைகிறது. அந்த மாற்றம் ஏறத்தாழ ஒரு சதவீதமே. கடலைப் பொங்கச் செய்கிற நிலவின் கை நம் கண்மாயை நிரப்பும் அளவுக்கு நீளவில்லை.

2016ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் தேதி முழுநிலவு பூமியிலிருந்து சுமார் 3,56,500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1948க்குப் பின் முழுநிலவு அவ்வளவு அருகில் வந்ததில்லை. நிலவுக்கு மழை கொடுக்கும் வல்லமை இருந்திருந்தால், அது கொடுத்திருக்க வேண்டிய மாதம் அது. அந்தப் பருவத்திலோ தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. மாறாக, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தென்மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தபோது, அமாவாசை கழிந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. பௌர்ணமிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

பொய்த்துப்போன அந்த 2016இன் மார்கழியில் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி ஆராதனை முடிந்தபின் காத்திருந்து என்னிடம் பேசினார்.

"அய்யா, எங்க வீட்டுக்காரக தேய்பிறையில வெதச்சதாலதான் மொளைக்கலன்னு ஊரே பேசுது. மூணு வாரமா அவுக யாருக்கும் மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கிறாக. நாங்க செஞ்ச குத்தமாய்யா அது?"

"உங்க வடக்குப் புஞ்சைக்காரர் எப்ப விதைச்சாரும்மா?"

"வளர்பிறையிலதான்."

"அவருக்கு முளைச்சுதா?"

சற்று நேரம் அவர் பேசவில்லை. "இல்லைய்யா. அதுவும் புழுதியாத்தான் கெடக்கு" என்றார்.

அந்தக் குடும்பத்துக்கு விதை போயிற்று, உழவுக் கூலி போயிற்று, கடன் நின்றது. அதற்கும் மேலாக, ஊரே ஒரு மனிதனைக் குற்றவாளியாக நிறுத்தியது. பிறை பார்ப்பதில் மறைந்திருக்கும் ஆபத்து இதுவே. அடையாளமாக இருக்கும்வரை அது துணை. சட்டமாக மாறும்போது, மழை பொய்த்த ஆண்டில் அது ஓர் ஆளைத் தேடிப் பழி சுமத்துகிறது.

பிறை பார்க்கிறவர்களை மட்டும் நான் சொல்லவில்லை. அதே ஆண்டில் விசுவாசிகள் சிலர், தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்காத வீடுகளால்தான் மழை நின்றது என்று பேசினார்கள். சொல் வேறு, செயல் ஒன்றே. யோபுவின் நண்பர்களும் இதைத்தான் செய்தார்கள். துன்பப்பட்டவனிடம் ஆறுதல் சொல்ல வந்து, காரணம் சொல்லிக் காயப்படுத்தினார்கள். கர்த்தர் முடிவில் அவர்கள் மேலேயே கோபம் கொண்டார்.

திருமறை நிலவை இகழவில்லை. காலங்களையும் நாட்களையும் குறிக்கவே வானத்துச் சுடர்கள் வைக்கப்பட்டன என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் கூறுகிறது. நாம் ஆசரிக்கும் ஈஸ்டர் பண்டிகையும் முழுநிலவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. மேகத்தையும் காற்றையும் பார்த்து வானிலை சொல்லும் மக்களின் திறமையை ஆண்டவராகிய இயேசுவும் அறிந்திருந்தார். ஆனால் காற்றையும் மேகத்தையுமே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை என்ற கருத்தைப் பிரசங்கி 11ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மழையைப் பற்றி மலைப்பிரசங்கம் கற்பிப்பதோ இன்னும் தெளிவானது: பரமபிதா அதை நீதிமான், அநீதிமான் என்று பிரித்துப் பெய்விப்பதில்லை. அப்படியானால், மழை பெய்யாத நிலத்தைக் காட்டி அதன் உடையவனை அநீதிமான் என்று தீர்ப்பிட நமக்கு ஏது அதிகாரம்?

ஆகவே, அன்பானவர்களே, நிலவைப் பாருங்கள். அதன் அழகுக்காகவும் அது காட்டும் காலத்துக்காகவும் கர்த்தரைத் துதியுங்கள். விதைக்கும் நாளை முடிவு செய்ய மண்ணின் ஈரத்தையும் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையும் பாருங்கள். கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் நம் வாசலிலேயே இருக்கிறது, சென்று கேளுங்கள். நல்ல பிறைக்காகக் காத்திருந்து பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். மழைக்கு முன்பே கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்களில் மண்டிய சீமைக் கருவேலத்தை அகற்ற ஊரோடு சேர்ந்து நில்லுங்கள். வருகிற மழையைத் தேக்கிவைப்பது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின்பும் மழை பொய்க்கலாம். அப்போது, முளைக்காத புஞ்சையின் வரப்பில் நிற்கும் சகோதரனிடம் எந்தப் பிறையில் விதைத்தாய் என்று கேட்காதிருங்கள். அடுத்த பட்டத்துக்கு விதை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்களிடம் இருப்பதில் ஒரு பங்கு கொடுங்கள்.

மழையைத் தருகிற தேவன் இவ்வாரம் உங்கள் வீடுகளையும் நிலங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.