விரல்நுனியிலே ஒரு சேனை

எழுதுவதற்கென்றே பழகிய கைகளுக்கு, அதே விசைப்பலகையிலிருந்து ஒரு சேனையை நடத்தக் கற்றல் எளிதான காரியமன்று. தட்டெழுத்துப் பயின்ற காலத்தில், விரல் ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டென்று நமக்குப் போதித்தார்கள். தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு விசைப்பலகை வகுத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்தவர் என்பதில் நமக்கொரு பெருமிதமும் இருந்தது. இன்றோ, ஹெந்தளையிலே நம் பேரன் ஆசிரியனாக வந்து அமர்ந்து, அந்த ஒழுங்கையெல்லாம் கலைத்துவிட்டான்.

அவன் கற்பிப்பது ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ என்னும் போர் விளையாட்டின் இரண்டாம் பாகம். கணினித் திரையிலே ஊர் அமைத்து, வயல் உழுது, மரம் தறித்து, அந்தச் செல்வத்தைக் கொண்டு படை திரட்ட வேண்டும். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்விளையாட்டு 2019இல் புதுப்பிக்கப்பெற்றது. 2022இல் வந்த இணைப்பிலே திராவிடரும் இராசேந்திர சோழனும் இடம்பெற்றனர். சுருள்வாள் வீரர் தமிழிலே விடையிறுப்பதைக் கேட்ட பின்னரே நாம் மாணாக்கராக இசைந்தோம் என்பதை மறைப்பானேன்!

‘எச்’ இனி எழுத்தன்று. அதைத் தொட்டால் நகர்மன்றம் கண்முன் வரும். கண்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்தினால், தெரிந்தெடுத்த வில்லாளர் முதலாம் அணியாவர். பின்னர் 1ஐத் தொட்ட மாத்திரத்தில் அவ்வளவு பேரும் கட்டளைக்குக் காத்து நிற்பர். குதிரைவீரருக்கு 2, கப்பல்களுக்கு 3. காற்புள்ளி சும்மா நிற்கும் வீரனையும், முற்றுப்புள்ளி சும்மா நிற்கும் குடியானவனையும் தேடிக் கொணர்கின்றன. வசனத்தை நிறுத்தப் பிறந்த குறிகளுக்குச் சோம்பேறிகளைப் பிடிக்கும் உத்தியோகம்!

சுட்டியொன்றே போதாதோ என்று கேட்டோம். “போதும் தாத்தா, ஆனால் பொத்தானைத் தேடுகிற நேரத்தில் சண்டை முடிந்துவிடும்” என்றான். உண்மைதான். இவ்வித்தையின் சூட்சுமம் விரலின் வேகத்தில் இல்லை. களத்தினின்று கண்ணை எடாதிருப்பதில் இருக்கின்றது. நாளுக்கு இரண்டு விசைகளாகப் பழகினோம். மூன்றாம் வாரத்தில், எண்ணுமுன்னரே இடக்கை 2ஐத் தொட்டது.

நிற்க. ஒரு விசை மட்டும் நம் விரலுக்கு வரவில்லை. வழக்கமான ஆட்டத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய மக்கள் 200 பேர்; உழவரும் வீரரும் இத்தொகைக்குள்ளே அடங்கவேண்டும். ஆகவே, களஞ்சியம் நிரம்பியதும் தேர்ந்த ஆட்டக்காரர் தம் உழவரைத் தெரிந்தெடுத்து, ‘டிலீட்’ விசையை அழுத்துவர். உழவன் ஓர் ஒலியெழுப்பி வீழ்வான். அவனுடைய இடத்துக்கு ஒரு வீரன் வருவான். கணக்கு மிகச் சரியானது. பேரன் இதைப் பேச்சினூடே செய்துவிடுகிறான். 2009இலே முடிந்த போருக்குப் பின் பிறந்தவன் அவன். நாமோ 1983 தொடக்கம் இருபத்தாறு ஆண்டுகள், காலைப் பத்திரிகையிலே மாண்டோர் தொகையை வாசித்து, அதன் பின்னரே தேநீரைக் கையிலெடுத்தவர்கள். அத்தொகைக்குள் நாம் அறிந்த பெயர்களும் இருந்தன. இதை அவனுக்கு விளக்கிச் சொல்ல முற்படவில்லை. விளையாட வந்த பிள்ளையிடம் சொல்லும் வேளையும் அதுவன்று.

ஆகவே, நம் உழவர் தொண்ணூறு பேரும் இறுதிவரை வயலிலேயே நிற்கின்றனர்; நம் படை எப்போதும் சிறிது. பேரன் தலையிலடித்துக்கொள்கிறான். மாலையில் எங்கள் அணியில் சேர்ந்து விளையாட வரும் அடுத்த வீட்டுச் சிங்களச் சிறுவனுக்கு இது வேடிக்கை. “சீயாவுடைய ஆட்கள் கமம் செய்யட்டும்” என்று சிரித்துவிட்டு, அவன் 2ஐத் தொடுகிறான். அவனுடைய குதிரைப்படை வந்து நம் வயலோரத்தில் வரிசையாக நிற்கின்றது.