மேன்சன் அறை

1992ஆம் ஆண்டு விடுமுறையில், பயிற்சி மாணவனாய் மலேசியாவிலிருந்து சென்னை சென்றபோது, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனில் தங்கினேன். கைகளை விரித்தால் இரு சுவர்களையும் தொடலாம். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி; குளியலறை தாழ்வாரத்தின் கோடியில், எல்லாருக்கும் பொது. வாடகை குறைவு என்பதே அதன் சிறப்பு. மிச்சம் பிடித்த பணமெல்லாம் நூல்களாயிற்று.

“சாமிநாதையர் வாழ்ந்த தியாகராச விலாசம் பக்கந்தான், தம்பி, நடந்தே போய்விடலாம்” என்றார் சாவி கொடுக்கும் பெரியவர். நாளை, நாளை என்றே பத்து நாள்களையும் கழித்தேன். கடற்கரைக்கு மட்டும் மாலைதோறும் கால்கள் தாமே சென்றன!

பின்னர் ஆசிரியனாகி, ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த அம்மனிதரின் கதையை ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னேன்.

2014இல் மீண்டும் சென்றேன். அவ்வீட்டை 2012இலேயே இடித்துவிட்டிருந்தார்கள். மேன்சன் அப்படியே நின்றது, வாடகைதான் ஏறியிருந்தது.