உம்மா பார்த்த இரண்டு படங்கள்

1996 ஆம் ஆண்டில் என் தம்பி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்கினான். ஜவுளிக்கடையில் துணி அளக்க வேண்டிய கை ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறதே என்று பெரியவாப்பா வருந்தினார்கள். உம்மா எதுவும் சொல்லவில்லை. பந்தய நாள்களில் மட்டும், சுபுஹு தொழுத முஸல்லாவை மடிக்காமல் வெகுநேரம் அமர்ந்திருப்பார்கள். ஒருநாள் என்னை அழைத்து, “அவன் ஓட்டுறதை ஒரு படம் புடிச்சிட்டு வா வாப்பா” என்றார்கள்.

என்னிடம் இருந்தது பழைய பென்டாக்ஸ் கே 1000 காமிரா. அதன் உச்ச ஷட்டர் வேகமான 1/1000 நொடியில், வண்டிகள் வேகம் தணிந்து திரும்பும் வளைவில் நின்று எடுத்தேன். கையுறையின் மடிப்புகூடத் தெளிவாய் விழுந்திருந்தது. உம்மா உற்றுப் பார்த்தார்கள். “சாச்சு நிறுத்தி வச்சிருக்கானே, இதுவா ஓட்டம்? அல்ஹம்துலில்லாஹ்!” என்று மகிழ்ந்து, படத்தை அலமாரியில் பத்திரப்படுத்தினார்கள். எனக்கோ பொய்சாட்சி சொன்னது போல் உறுத்தியது.

ஓட்டத்தை ஓட்டமாகவே காட்டும் முறைக்கு ‘பேனிங்’ என்று பெயர். ஷட்டரை 1/60 நொடிக்குக் குறைத்துவிட்டு, வண்டியோடு சேர்த்துக் காமிராவையும் திருப்ப வேண்டும். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, அந்த 1/60 நொடிக்குள் அரை மீட்டர் கடந்துவிடும். காமிரா அதே கதியில் திரும்பினால் வண்டி தெளிவாக நிற்கும்; பின்னணி முழுவதும் கோடுகளாக இழுபட்டுப் போகும்.

சொல்வது எளிது. முதல் சுருளின் 36 படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. கைகளால் திருப்பியதே பிழை என்று பின்னரே விளங்கிற்று. படம் எடுக்க வேண்டிய இடத்தை நோக்கிப் பாதங்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் வண்டி வரும் திசைக்கு முறுக்கி, அங்கிருந்தே தொடர்ந்து வரவேண்டும். குவியத்தை முன்கூட்டியே தடத்தின் ஒரு புள்ளியில் நிறுத்திவிட வேண்டும். பொத்தானை அழுத்தும் கணத்தில் உள்ளே கண்ணாடி மேலெழுந்து பார்வை இருண்டுவிடும். புதியவர் கை அங்கேதான் நின்றுபோகும். என் கையும் நின்றது. இருட்டிலும் உடல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் 100 ஏஎஸ்ஏ பிலிமுக்கு, துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கவும் வேண்டியிருந்தது.

தவறிய படங்களைக் கண்டு சோர்ந்தபோது லார்டிக் என்னும் பிரெஞ்சுக்காரர் நினைவுக்கு வருவார். 1912 இல் எடுத்ததென நெடுங்காலம் குறிக்கப்பட்டு வந்த அவருடைய கார்ப் பந்தயப் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருக்கும். பார்வையாளர்கள் பின்னே சாய்ந்திருப்பார்கள். காமிராவைத் திருப்பிய கதி காரின் வேகத்துக்கு ஈடாகாததும், ஷட்டரின் பிளவு மெல்ல நகர்ந்ததுமே காரணம். அந்தக் கோணல்தான் உலகப் புகழ் பெற்றது. என் கோணல்களுக்கு அந்த பாக்கியம் வாய்க்கவில்லை!

மூன்றாவது சுருளில் ஒரு படம் கூடி வந்தது. தம்பியின் ஹெல்மெட் கூர்மையாக இருந்தது. சக்கரங்கள் சுழன்று கரைந்திருந்தன. காட்டுவதா, மறைப்பதா என்று இரண்டு நாள் தயங்கிவிட்டே உம்மாவின் கையில் கொடுத்தேன்.

உம்மாவின் விரல் வண்டியில் படவில்லை. பின்னால் கோடாகிவிட்ட கூட்டத்தின் மீது நின்றது.

“இவங்க முகமெல்லாம் எங்கே?”

“வேகத்துல அழிஞ்சு போச்சு உம்மா.”

“அவன் கண்ணுக்கும் இப்படித்தான் தெரியுமா?”

எனக்கு விடை தெரியவில்லை. வாசற்படியில் நின்ற தம்பிதான், “நான் பக்கத்துல பார்க்கிறதே இல்ல உம்மா. அடுத்த வளைவை மட்டும்தான் பார்ப்பேன்” என்றான்.

உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவனுடைய ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். மடியில் வைத்துக்கொண்டு, தாடைக்கடியில் பூட்டும் வாரை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை.