முதலில் இலை வரும்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கண் கலங்கி வந்து நின்றாள். கைக்குழந்தைக்காரி. “ஆச்சி, வீட்லருந்தே வேலைன்னு போன்ல வந்துச்சு. வீடியோவுக்கு லைக் போட்டா போதும்னாங்க. மொத நாளு நூத்தம்பது ரூவா ஏறிச்சு. பெறவு ரெண்டாயிரம் கட்டுனா மூவாயிரமா வரும்னாங்க...” மிச்சத்தை அவள் சொல்லவில்லை. கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி இல்லை.

இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போட வைத்தேன். பணம் போன சூட்டோடு சொன்னால் வங்கியில் நிறுத்தி வைக்க வழியுண்டு. இவள் வெட்கத்தில் நான்கு நாளைக் கடத்தியிருந்தாள். ஏமாந்தவளுக்கு என்ன வெட்கம்?

எங்கள் அம்பாசமுத்திரத்துக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலை புதிதா? பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி அப்பளம். கிழக்கே போனால் பத்தமடைப் பாய். முக்கூடல் பக்கமெல்லாம் பீடி. நானும் முப்பது வருஷம் பீடி சுற்றியவள்தான். கடையில் இலை, தூள், நூல் மூன்றும் வாங்கி வருவோம். ராத்திரி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலையில் பதமாக இருக்கும். தகர அளவை வைத்துக் கத்தரித்து, சுளகை மடியில் போட்டு, தூளை இட்டு உருட்டி, தலைப்பை மடக்கி நூல் கட்டினால் ஒரு பீடி. ஆயிரம் முடிக்கப் பொழுது அடைந்துவிடும். இலை மட்டமாக வந்த வாரம் கைக்காசு போட்டு இலை வாங்கியிருக்கிறேன். நல்ல பீடியையும் கழித்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தூள் நெடியில் வந்த இருமல் இன்னும் விடவில்லை. என் பேத்தியை அந்த வேலைக்கு அனுப்ப மாட்டேன்.

ஆனாலும் வேலை தருகிறேன் என்று என்னிடம் யாரும் முன்பணம் கேட்டதில்லை. முதலில் இலை வரும். பிறகு என் உழைப்பு போகும். அதற்குக் கூலி வரும். வீட்டில் பீடி சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-ஆம் வருஷப் பீடித் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவளுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்தப் பணத்தில்தான் என் மூத்தவள் கல்யாணம் நடந்தது. 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்திலும் இதே முறைதான். பிசைந்த மாவை வாங்கிப்போய் வீட்டில் தேய்த்து, அப்பளமாகக் கொண்டுவந்து கூலி வாங்குவார்கள்.

அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன்: “யாராவது வேலைக்குக் காசு கேட்டா, அங்கயே எந்திரிச்சு வந்துரு தாயி.” ஆனால் சொந்தமாக அப்பளம், வடகம் போட்டு விற்கப் போகிறவள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும். அது அரசாங்கத்துக்குப் போகிறது, கைக்கு ரசீது வருகிறது. இன்னொரு கூட்டம், உன் வங்கிக் கணக்கை இரவல் கொடு, கமிஷன் தருகிறோம் என்று அலைகிறது. கணக்கில் யார் பேர் இருக்கிறதோ அவர்களைத் தேடித்தான் போலீஸ் வரும். அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது.

இப்போது அவள் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் செய்து கொக்கி வைத்துக் கொடுக்கிறாள். டெய்லர் கடையிலிருந்து துணி வருகிறது, கொக்கி வருகிறது, நூலும் வருகிறது. கூலி கொஞ்சம்தான், சங்கிலியை மீட்க நாளாகும். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு என் திண்ணையில் வந்து உட்கார்ந்து தைக்கிறாள். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. எத்தனை வந்தது, எத்தனை போனது, எவ்வளவு பாக்கி என்று தேதி போட்டு எழுதுகிறாள்.