களத்தில் இடம் பெறாத ஆசான்

விளையாட்டு வீரனின் ஆட்ட வாழ்வு குறுகியது. கையும் காலும் கண்ணும் ஒருங்கே ஏவல் கேட்கும் காலம் பெரும்பாலோர்க்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே. அதன்பின் அவன் கற்றதெல்லாம் என்னாகும்? சிலர் அதனைத் தம்முடனேயே கொண்டுபோய் விடுகின்றனர். வேறு சிலர் அதனை இளையோர் கையில் ஒப்படைத்துவிட்டு மனநிறைவு காண்கின்றனர். இவ்விரண்டாம் வகையினரைப் பற்றி எண்ணுந்தோறும் எம் நினைவுக்கு வருபவர் பக் ஓநீல் என்னும் அமெரிக்கப் பேஸ்போல் வீரர். அவருடைய தன்வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதனைச் சொல்லுமுன் அவ்விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை.

கிரிக்கெற்றையே கண்டு வளர்ந்த எமக்குப் பேஸ்போலிற் புதுமையாகத் தோன்றுவது ஒன்றுண்டு. கிரிக்கெற் பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அமர்ந்திருப்பார். பேஸ்போலிலோ, துடுப்பாடும் அணியின் பயிற்சியாளர் இருவர், ஆட்டம் நடைபெறும்போதே, முதலாம் தளத்தருகிலும் மூன்றாம் தளத்தருகிலும் நிற்பர். பந்தை அடித்தவன் மூன்று தளங்களையுங் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே மீண்டால் தான் ஓட்டம் கணக்கில் வரும். ஓடுகின்றவனுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் பந்து எங்கே போகின்றதென்று தெரியாது. மூன்றாம் தளத்துப் பயிற்சியாளர் கையைச் சுழற்றினால் அவன் ஓடவேண்டும். கைகளை உயர்த்தினால் நிற்கவேண்டும். ஆகவே அவ்விடம் வெறும் புற்றரையன்று. நம்பிக்கைக்குரியவர் நிற்கும் இடம்.

ஓநீல் 1911 ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்துக் கராபெல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சரசோட்டாவில் வளர்ந்து, சிறு வயதிலேயே செலறிக் கீரைத் தோட்டங்களில் வேலை செய்தார். அவ்வூரில் உயர்நிலைப் பாடசாலை இருந்தது. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறக்கவில்லை. எனவே ஜக்சன்வில் நகரத்து எட்வேட் வாட்டர்ஸ் கல்லூரிக்குச் சென்று படித்தார். அவரைச் சேர்க்க மறுத்த அதே பாடசாலை, 1995 ஆம் ஆண்டில், எண்பத்து மூன்று வயதுக் கிழவரை அழைத்து அவருக்குச் சான்றிதழ் வழங்கிற்று.

பேஸ்போற் களத்திலும் அதே கதவு மூடியிருந்தது. பெரிய லீக்குகளிற் கறுப்பினத்தவர் ஆட முடியாதாகையால், அவர்கள் தமக்கென நீக்ரோ லீக் என்னும் பெயரில் அணிகளை அமைத்திருந்தனர். ஓநீல் 1937 இல் மெம்பிஸ் நகரத்து அணியிலும், 1938 முதல் கன்சாஸ் சிற்றி மொனாக்ஸ் அணியிலும் முதலாம் தளக் காவலராக ஆடினார். உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, கடற்படையிற் பணியாற்றினார். 1947 இல் ஜக்கி றொபின்சன் பெரிய லீக்கில் அடியெடுத்து வைத்து நிறத்தடையை உடைத்தபோது ஓநீலுக்கு வயது முப்பத்தைந்து. இளமையைக் காலம் எடுத்துக்கொண்ட பின்னரே கதவு திறந்தது. றொபின்சனும் 1945 இல் மொனாக்ஸ் அணியில் ஆடியவரே என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்திலே மனிதர் பலர் கசந்து போவர். ஓநீலோ 1948 முதல் மொனாக்ஸ் அணியின் மேலாளராகி, அத்திறந்த கதவினூடாக இளைஞரை அனுப்பும் தொழிலை மேற்கொண்டார். அவரிடம் பயின்ற ஏர்ணி பாங்ஸ் 1953 இல் சிக்காகோ கப்ஸ் அணியிற் சேர்ந்து, தம் ஆட்ட வாழ்வில் எல்லையைத் தாண்டும் 512 அடிகளைப் பெற்றார். எல்ஸ்ரன் ஹவார்ட் 1955 இல் நியூயோர்க் யாங்கீஸ் அணியின் முதற் கறுப்பின வீரரானார். சிறந்த இளைஞர்கள் இவ்வாறு போகப் போக நீக்ரோ லீக் மெலிந்தது. தாம் வளர்த்த பிள்ளைகள் உயர உயரத் தம் வீடு வெறுமையாவதைக் கண்டும் அவர் வாழ்த்தியே அனுப்பினார். பின்னர் கப்ஸ் அணிக்காக இளம் வீரரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பணியை ஏற்று, ஊர் ஊராகத் திரிந்தார். லூ புறொக் அவர் கண்டெடுத்த மாணிக்கம். அவ்வீரர் பிற்காலத்தில் வேறோர் அணியிற் புகழடைந்து, 938 தளங்களைக் களவாடிச் சாதனை படைத்தார். பந்தெறிபவன் அசந்த கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதையே அவ்விளையாட்டிற் களவு என்பர்.

1962 ஆம் ஆண்டில் கப்ஸ் அணி ஓநீலைப் பயிற்சியாளராக நியமித்தது. பெரிய லீக் வரலாற்றில் அப்பதவியைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. அக்காலத்தில் அவ்வணி ஒரு விந்தை முறையைக் கையாண்டது. நிலையான மேலாளர் ஒருவரை வையாது, பயிற்சியாளர் பலர் முறைவைத்துத் தலைமை தாங்கினர். ஆயினும் எட்டாண்டுகள் ஓர் அணியை நடத்திய ஓநீலுக்கு அம்முறை ஒருபோதும் வரவில்லை. தளத்தருகில் நிற்கவும் விடவில்லை.

இனி அந்நிகழ்ச்சி. ஓர் ஆட்டத்தில், களத்தில் நின்ற கப்ஸ் பயிற்சியாளர்கள் நடுவருடன் வாதாடி வெளியேற்றப்பட்டனர். மூன்றாம் தளத்தருகில் ஒருவர் நிற்கவேண்டும். ஓநீல் அருகிலேயே, ஆயத்தமாக இருந்தார். அணியினரோ, மைதானத்தின் மறுகோடியிற் பந்தெறிவோரைக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரை அங்கிருந்து அழைத்து வந்து அவ்விடத்தில் நிறுத்தினர். இதனைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் இருந்துவிட்டோம். பதவி கொடுத்து, பதவிக்குரிய இடத்தைக் கொடாமை மறுப்பினும் கொடியது. மறுப்பவன் தன் மனத்தை வெளிப்படையாகக் காட்டுகின்றான். கொடுத்தும் கொடாதவனோ, தன் நீதியைப் பிறர் புகழவும் வேண்டுமென்கின்றான். அந்த ஆண்டு கப்ஸ் அணி 103 ஆட்டங்களில் தோற்றது. அனுபவசாலி ஒருவரை ஆசனத்தில் இருத்திவிட்டு அடைந்த தோல்வி அது.

ஓநீல் மீண்டும் திறமை தேடும் பணிக்கே திரும்பினார். முதுமையிலே, மறக்கப்பட்ட தம் தோழர்களின் வரலாறு அழியாதிருக்க, 1990 இல் கன்சாஸ் சிற்றியில் நீக்ரோ லீக் அரும்பொருளகம் தோன்ற முன்னின்று உழைத்தார். 2006 இல் அத்தோழர்களுள் பதினேழு பேரைப் பேஸ்போற் புகழ் மண்டபத்திற்குத் தெரிவு செய்தபோது அவர் பெயர் விடுபட்டது. தெரிவானோர் எவரும் உயிருடன் இல்லை. ஆதலின் அவர்கள் சார்பிற் பேச விடுபட்டவரையே அழைத்தனர். தொண்ணூற்று நான்கு வயதிற் மேடையேறிய அவர், கூட்டத்தினரைக் கைகோக்கச் செய்து அன்பைப் பாடவைத்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 6 ஆம் நாள் மறைந்தார். புகழ் மண்டபம் அவரைத் தெரிவு செய்தது 2021 இல், பதினைந்தாண்டு தாமதம்.

அவருடைய பொறுமையை எல்லோரும் போற்றுவர், நாமும் போற்றுகின்றோம். ஆயினும் மாணவர்கள் இதில் ஒன்றை மறத்தலாகாது. அநீதியைத் தாங்கியவரின் பெருந்தன்மை, அநீதி செய்தவரின் கணக்கைத் தீர்த்துவிடாது. ஓநீல் கசக்கவில்லை என்பது அவருடைய பெருமை. கசப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது என்பது அச்சமூகத்தின் பழி. இரண்டையும் ஒருங்கே நினைப்பதே நேர்மை. ஆசானின் வெற்றி அவர் நின்ற இடத்தில் இல்லை என்பதும் உண்மை. ஆசானுக்கு உரிய இடத்தைக் கொடுப்பது மற்றையோரின் கடமை என்பதும் அதே அளவு உண்மை. நம் வீட்டிலும் தொழிலிலும், பெயருக்கு மட்டும் ஒருவரை அமர்த்திவிட்டு அவர் சொல்லைக் கேளாதிருக்கின்றோமா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.